பாதாம் பாலில் நான் கரைத்தது

என் மகனின் இடது கையை முறித்தவன் நான். ஏரிக்கரையில் நாய்களை விரட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த மூங்கில் கம்பால் அடித்தேன். அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கு எழுபதைத் தாண்டியிருந்தது.

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எலும்பு டாக்டர் வந்து, எப்படி ஆயிற்று என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பதில் சொன்னான்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பல வருடங்களாக அவன் சொல்லும் எதையும் நம்பாத நான், அந்தப் பொய்யை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டேன்.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டிலும் ஒரு மகனோ, தங்கையோ, கணவனோ கடுமையான மனநோயோடு இருக்கக்கூடும். மருந்தால் மனம் ஓரளவு அடங்கியிருக்கும். உடம்பு மட்டும் கைமீறிப் போய்க்கொண்டிருக்கும். அந்த உடம்போடு நான் போட்ட சண்டையை எழுதுகிறேன். அதில் நான் ஜெயிக்கவில்லை.

முரளிக்கு நோய் வந்தது பொறியியல் படிப்பின் கடைசி வருடத்தில். மனச்சிதைவு (இல்லாத குரல்கள் கேட்பதும், யாரோ தனக்குத் தீங்கு செய்கிறார்கள் என்று அசையாமல் நம்புவதும் உள்ள நோய்) என்றார்கள். பக்கத்து வீட்டு ஏசி தன் நினைவுகளை உறிஞ்சுகிறது என்று சொல்லி அதன்மேல் செங்கல்லை எறிந்தான். தடுக்கப்போன அவன் அம்மா வசந்தாவைத் தள்ளியதில் அவள் நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். அவன் அதை நாக்குக்கு அடியில் பதுக்கி வைத்துப் பிறகு துப்பிவிடுவான். "வாயத் திற. நாக்கத் தூக்கு" என்பேன். திறக்கமாட்டான். கன்னத்தின் இரண்டு பக்கமும் விரல்களை அழுத்தித் தாடையைப் பிளப்பேன். ஒருமுறை என் ஆள்காட்டி விரலை எலும்பு தெரியும்படி கடித்துவிட்டான். நான் அவன் தலையைச் சுவரில் மோதினேன். வசந்தா நடுவில் புகுந்து என் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். சட்டை கிழிந்தது. அதன் பிறகுதான் நான் நிறுத்தினேன்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். எது எதில் கரையும் என்று பல ஆண்டுகள் பாடம் எடுத்திருக்கிறேன். மாத்திரையைப் பொடித்துப் பாதாம் பாலில் கரைத்தேன். கசப்பை மறைக்கச் சர்க்கரை போட்டேன். அது போதாமல் இனிப்பான டின் பாலும் ஊற்றினேன். சாயங்காலம் ஒரு பெரிய டம்ளர். முரளி விரும்பிக் குடித்தான்.

சில வாரங்களில் வீடு அமைதியானது. மனநல டாக்டரிடம், "மருந்தெல்லாம் ஒழுங்கா போகுதும்மா" என்று சொன்னேன். போகத்தானே செய்தது என்று எனக்குள் சமாதானம் செய்துகொண்டேன். அந்த டம்ளர் பதினைந்து வருடம் ஓடியது.

உடம்பின் முதல் அறிகுறி கழுத்தில் வந்தது. பின்கழுத்துத் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்தது. முரளி சரியாகக் குளிக்கமாட்டான் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். அதனால் அது அழுக்கு என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் குளியலறையில் உட்கார வைத்து, பீர்க்கங்காய் நாரையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு தேய்த்தேன்.

"எரியுதுப்பா."

"மாசக் கணக்கா குளிக்காம இருந்தா எரியத்தான் செய்யும்."

கறுப்பு போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். நாரில் சிவப்பு ஒட்டியதைப் பார்த்த பிறகும் தேய்த்தேன். அவன் தலையைக் குனிந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, நான் முடிக்கும்வரை இருந்தான். அது அழுக்கு இல்லை என்று பின்னால் தெரிந்தது. அகாந்தோசிஸ் என்று அதற்குப் பெயர் (உடலில் இன்சுலின் இருந்தும் சரிவர வேலை செய்யாதபோது கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுப்பது). சர்க்கரை நோய்க்கு முந்திய எச்சரிக்கை அது. நான் அதை நாரால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துத்தான் இருந்தார். நான்தான் அவனை அழைத்துப் போகவில்லை. மனநோய்க்கு ரத்தத்தில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த கோடையில் அவனுக்குத் தாகம் அடங்கவில்லை. சோபாவிலேயே சிறுநீர் கழித்தான். கன்னத்தில் அறைந்தேன். இரண்டு நாள் கழித்து வாந்தி எடுத்து மயங்கி விழுந்தபோது, ரத்தத்தில் சர்க்கரை நானூறுக்கு மேல் இருந்தது. எடை நூறு கிலோவைத் தாண்டியிருந்தது.

மருத்துவமனையில் சேர்த்து, வீடு திரும்பியதும் மனநல டாக்டரிடம் போனோம். என் மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"சார், முரளி கேக்குற குரல் அவர சாகடிக்கப் போறதில்ல. இந்த வியாதி உள்ளவங்க நெறைய பேர் ஹார்ட்டாலயும் சுகராலயும்தான் சீக்கிரம் போயிடுறாங்க. மாத்திரை பசியத் தூண்டும், தூக்கத்தக் கொடுக்கும். சிகரெட் வேற. நடக்கணும், சாப்பாடு மாறணும். ஆனா வீடே சேர்ந்து மாறுங்க. அவருக்கு மட்டும் தண்டனை மாதிரி ஆரம்பிக்காதீங்க."

முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

சமையலறைக் கதவுக்குப் பூட்டு வாங்கினேன். சாவி என் இடுப்பில் இருக்கும். அவனுக்கு இரண்டு சப்பாத்தி. எங்களுக்கு வழக்கமான சோறும் குழம்பும் வறுவலும். அவன் எதிரிலேயே சாப்பிட்டோம். காலை ஆறு மணிக்கு எழுப்பி பீர்க்கன்கரணை ஏரியைச் சுற்றி நடக்க வைத்தேன். மருந்தின் மயக்கம் காலை பத்து மணிவரை விடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். பாதி வழியில் அவன் கரையில் உட்கார்ந்துவிடுவான். சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பேன். எழுந்திருக்காவிட்டால், நாய்க்கு வைத்திருந்த கம்பால் கணுக்காலில் தட்டுவேன்.

கரையோரம் டீக்கடை வைத்திருந்தவர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"இன்னா சார், புள்ளய மாடு மாரி இஸ்துகினு போறே?"

"உங்க வேலையப் பாருங்க."

"என் வேல டீ போடுறது சார். பாக்குறதுக்குத் தனியா காசு வாங்குறதில்ல."

கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். முரளியும் சிரித்தான். அவன் சிரித்ததற்காக வீட்டுக்கு வந்ததும் ஒரு அடி கொடுத்தேன்.

இவ்வளவு செய்தும் சாயங்கால டம்ளர் நிற்கவில்லை. நிறுத்தினால் மருந்து போகாது. சர்க்கரையைக் குறைத்தால் கசந்து, கண்டுபிடித்துவிடுவான். பகல் முழுக்கச் சமையலறையைப் பூட்டி வைத்துவிட்டு, சாயங்காலம் நானே பூட்டைத் திறந்து அவனுக்குச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். வசந்தா ஒருமுறை, "டாக்டர்கிட்ட சொல்லிடலாங்க" என்றாள். பதினைந்து வருடப் பொய்யை அந்தப் பெண்ணின் முன்னால் எப்படி எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தேன்.

மூன்று மாதச் சராசரி பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்தோம். முடிவை வாங்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலை வெயிலில் வந்தேன். முன்பைவிட அதிகம். இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் ஏறியிருக்கிறது என்றால், திருட்டுத்தனமாகத் தின்கிறான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நம்புங்கள், என் டம்ளர் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறைத் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. முரளி தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். கதவருகே சாத்தியிருந்த கம்பை எடுத்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். அவன் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டான். மூன்றாவது அடி தலைக்கு வைத்தது. கை குறுக்கே இருந்ததால் கையில் விழுந்தது. அந்தச் சத்தம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வசந்தாவுக்குக் கேட்டிருக்கிறது.

டப்பா உருண்டு, உள்ளே இருந்தது தரையெல்லாம் சிதறியது. பொட்டுக்கடலை.

கட்டுப் போட்ட கையோடு அவனை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் பரிசோதனை முடிவைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். இன்சுலின் ஊசி தொடங்க வேண்டி வரலாம் என்றார்.

"எங்கேருந்தோ சுகர் உள்ள போகுது. முரளி, வெளிய ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல டாக்டர். கிச்சனுக்கே பூட்டு. புழல் ஜெயில்லகூட மூணு வேளை போடுவாங்க."

பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னான். "பால்லதான் ஏதோ கலக்குறாங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். அந்த இனிப்பை விட முடியாமல் குடித்துக்கொண்டே, அந்த வாக்கியத்தை அவன் பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் நான்தான், "இன்னும் அந்தச் சந்தேகம் போகலம்மா" என்று டாக்டரிடம் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அவர் மருந்தின் அளவைக் கூட்டுவார். கூட்டிய மருந்து அவன் பசியையும் கூட்டும். அன்றும் அவர் எழுதப்போனார்.

"எழுதாதீங்கம்மா. அவன் சொல்றது நெஜம்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொடித்தது, கரைத்தது, டின் பால், கம்பு. அவன் எதிரிலேயே சொன்னேன். அது நான் செய்த இன்னொரு தவறு. டாக்டரிடம் தனியாகச் சொல்லி, மகனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்க வேண்டும். என் நெஞ்சுப் பாரத்தை இறக்கும் அவசரத்தில் அவனை நினைக்கவில்லை.

முரளி எழுந்தான். மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே என் வாயில் அடித்தான். முன்பல் இரண்டு உடைந்து நாக்கில் கிடந்தன. நாற்காலியோடு சாய்ந்தேன். என் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, நான் அவனுக்குச் செய்ததுபோலவே தாடையைப் பிடித்தான்.

"லூசு லூசுன்னு சொன்னியே. பதினஞ்சு வருஷமா சொன்னனே. கலக்குறாங்க கலக்குறாங்கன்னு சொன்னனே."

ஊழியர்கள் மூன்று பேர் சேர்ந்து அவனைப் பிரித்தார்கள். மாவுக்கட்டு விரிசல் விட்டிருந்தது. அந்த அடியில்தான் அவன் எலும்பு மறுபடி விலகியது. இன்றும் அந்தக் கை முழுதாகத் திரும்பாது.

வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட அவன் வாங்கிக் குடிக்கவில்லை. மாத்திரையை வாங்கிச் சாக்கடையில் போட்டான். குரல்கள் திரும்பி வந்தன. சில வாரங்கள் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கே டாக்டர் அவனுக்கு முன்னால் இரண்டு வழிகளை வைத்தார். வேறொரு மாத்திரை, பழையதைவிடக் குறைவாகவே எடை ஏற்றுவது; அல்லது அதே மருந்தின் மாதாந்திர ஊசி (ஒருமுறை போட்டால் உடலில் மெல்ல மெல்லக் கலந்து ஒரு மாதம் வேலை செய்வது).

"ஊசி" என்றான் முரளி. "ஊசி குத்துனா தெரியும்."

மருந்தைப் பற்றி அவனிடம் யாரும் கருத்துக் கேட்டது அதுவே முதல் முறை.

என்னிடம் டாக்டர் கோபப்படவில்லை. "நெறைய வீட்ல இது நடக்குது சார். காப்பியில, இட்லி மாவுலகூட கலக்குறாங்க. என்கிட்ட சொல்லியிருந்தா ஊசிய எப்பவோ பேசியிருக்கலாம்" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்த முரளி, ஓடும் தோலும் உள்ளதை மட்டும் சாப்பிட்டான். வாழைப்பழம், கொய்யா, உரிக்காத வேர்க்கடலை, அவித்த முட்டை. ஓட்டை அவனே உடைப்பான். யாரும் உள்ளே எதையும் வைத்திருக்க முடியாது என்பது அவன் கணக்கு. நான் பயந்துபோய் டாக்டருக்கு போன் செய்தேன்.

"நான் எழுதிக் கொடுக்கிற டயட்டவிட நல்லாருக்கே சார். அதுலேருந்தே ஆரம்பிப்போம்" என்றார் அவர்.

பூட்டை நானே கழற்றினேன். சமையலறைக் கதவையும் கழற்றிப் பழைய சாமான் கடையில் போட்டேன். சர்க்கரை டப்பாவும் டின் பாலும் எங்கள் மூவருக்குமாக வீட்டை விட்டுப் போயின. சிறுதானியச் சோறு, நிறையக் காய், வாரத்தில் சில நாள் மீன் குழம்பு. மூன்று தட்டிலும் ஒன்றே. அப்படியும் அவன் தொடவில்லை. அவன் தட்டில் வைத்ததிலிருந்து முதல் வாயை நான் சாப்பிட்டுக் காட்டினேன். அவன் என் தொண்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரிசல்ட் வர எவ்ளோ நேரம் ஆகும் புரொபசர்?"

"கொஞ்சம் இருடா."

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சரி, குடுங்க."

அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்று வேளையும் அவன் தட்டில் முதல் கை என்னுடையது. எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தொடங்கியபோது, அவன் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து எதிரில் நின்றான். விழுங்கினேன். அவன் நகரவில்லை.

"வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க."

உடைந்த பற்களோடு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பது எப்படிப்பட்டது என்று அப்போது தெரிந்தது. எச்சில் வழியும். கண் எங்கே பார்ப்பது என்று தெரியாது. பார்ப்பவன் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூடலாம் என்று அவன் சொல்லும்வரை அந்த வாய் நம்முடையது இல்லை. இன்றும் தினமும் காட்டுகிறேன்.

நடையை அவன்தான் தீர்மானித்தான். காலையில் வேண்டாம், சாயங்காலம். தூரத்தை நான் சொல்லக் கூடாது. உட்கார வேண்டும் என்றால் உட்காருவான். முதல் நாள் கிளம்பும்போது கையை நீட்டினான்.

"கம்பு எங்கிட்ட இருக்கட்டும். நீங்க முன்னாடி போங்க."

வசந்தா என்னைப் பார்த்தாள். கம்பைக் கொடுத்தேன்.

அவன் சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஒழியவில்லை. இன்சுலின் தேவைப்படவில்லை. இடுப்பு குறைந்து பழைய பேன்ட்டுகள் கழன்று விழுகின்றன. சிகரெட் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. சில மாதங்கள் எடை திரும்ப ஏறும். அப்போது நான் வாயைத் திறப்பதில்லை. மழைக்காலத்தில் அவன் கை வலிக்கும். அவன் சொல்ல மாட்டான். இடது கையைச் சட்டைக்குள் விட்டு வைத்துக்கொள்வான், அதிலிருந்து தெரியும். முன்பெல்லாம் அவன் எப்போது குணமாவான் என்று வருடங்களைக் கணக்குப் போடுவேன். இப்போது என் காலம் ஒரு நாள் நீளம்தான். முதல் வாயில் தொடங்கி, ஏரியைச் சுற்றி வந்ததும் முடிகிறது.

நடக்கும்போது என் முதுகு முழுக்க அந்தக் கம்பைக் கேட்டுக்கொண்டே வரும். அவன் நடைக்கு ஒருமுறை அது தரையில் ஊன்றும். அந்தச் சத்தம் தவறினால் என் தோள் தானாக ஏறும். அவன் என்னை அடிக்கவேண்டும் என்று சில நாட்கள் விரும்பியும் இருக்கிறேன். கணக்கு தீர்ந்துவிடும் என்ற ஆசை. அவன் அடிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், புதர் மறைவிலிருந்து மூன்று நாய்கள் குரைத்துக்கொண்டு பாய்ந்தன. எனக்குப் பின்னால் கம்பு காற்றைக் கிழித்து எழும் சத்தம் கேட்டது. நாய்களை நான் மறந்துவிட்டேன். கரையிலேயே குந்தி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டேன். கம்பு பொத்தென்று விழுந்தது. ஒரு நாய் ஊளையிட்டது. பிறகு எல்லாம் ஓடிய சத்தம்.

கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் எந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என் அருகிலேயே நின்றான்.

"நாய்க்குப்பா" என்றான். "உங்களுக்கில்ல."

நான் எழுந்திருக்கவில்லை. திரும்பாத கையை என் அக்குளில் கொடுத்துத் தூக்கினான். வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தான்.

"நடங்க. இன்னும் பாதி ஏரி இருக்கு."